பழைய மடிக்கணினியில் லினக்ஸ்: தொகுப்புகள் முட்டிக்கொண்டால் என்ன செய்யலாம்?

(கள்ளக்குறிச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினி இன்னும் பல வீடுகளில் பீரோ மேல இருக்கு. அதுல பலவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. அதனால பழைய கணினியில் லினக்ஸ் போடலாமான்னு பலர் கேட்கிறீங்க. தாராளமா போடலாம்.

முதலில் சான்றிதழ், போட்டோ எல்லாவற்றையும் பென்டிரைவில் நகல் எடுத்துக்கோங்க. கணினி 32-பிட்டா, 64-பிட்டா என்று பாருங்க. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ 32-பிட் கணினியில் புதிதாக நிறுவ முடியாது.

நிறுவும்போது பாதியில் ‘தொகுப்பு முரண்பாடு’ என்று வந்து நிற்கும். அது என்ன? ஒரே ஆளின் பெயர் இரண்டு ரேஷன் கார்டில் இருக்க முடியாது இல்லையா? அதுபோல ஒரே கோப்பை இரண்டு தொகுப்புகள் உரிமை கொண்டாட முடியாது. ஒரு தொகுப்புக்குத் தேவையான துணைத் தொகுப்பு வேறு பதிப்பில் இருந்தாலும் இதே தகராறுதான். டெபியனில் உபுண்டுவின் களஞ்சியத்தைச் சேர்ப்பது இதற்கு முக்கியமான காரணம்.

சரிசெய்யும் வரிசை இது:

1. பிழைச் செய்தியை முழுசா படிங்க. எந்தெந்தத் தொகுப்பு மோதுகிறது என்று அதிலேயே பெயர் இருக்கும்.
2. களஞ்சியப் பட்டியலில் உங்கள் பதிப்புக்குச் சேராததை எடுத்துவிட்டு, ‘ஆப்ட் அப்டேட்’ கொடுங்க.
3. பாதியில் நின்றதை ‘டிபிகேஜி கன்ஃபிகர்’ கட்டளையால் முடியுங்க. பிறகு ‘ஃபிக்ஸ் புரோக்கன்’ கட்டளை.
4. இன்னும் மோதினால், வெளியிலிருந்து வந்த தொகுப்பை நீக்குங்க.

ஒரு எச்சரிக்கை. ‘ஒய்’ விசையைத் தட்டும் முன் எவை நீக்கப்படும் என்ற பட்டியலைப் பாருங்க. சில நேரம் திரை முகப்பையே நீக்கட்டுமா என்று கேட்கும். பார்க்காமல் தட்டினால் கறுப்புத் திரைதான் மிஞ்சும்.

கல்வராயன் மலையில் இருக்கிறவங்களுக்குத் தனியாக ஒன்று. சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் இணையம் வழியாக நிறுவினால், பதிவிறக்கம் அறுந்து வேலை பாதியில் நிற்கும். கள்ளக்குறிச்சிக்கு வரும்போது டெபியனின் முழு டிவிடி கோப்பை இறக்கி, பென்டிரைவில் எழுதி மேலே கொண்டு போங்க. அடிப்படைத் தொகுப்புகள் அனைத்தும் ஒரே பதிப்பில் அதிலேயே இருப்பதால் மோதலும் குறையும்.

பீரோ மேல இருக்கிற அந்தக் கணினியில் பிள்ளை படிக்கலாம், சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டி எடுத்துப் பாருங்க.