ஆறு கிலோவில் பழனி

(தைப்பூசப் பாதயாத்திரைக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களுக்காக நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முப்பத்தைந்து வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எனக்குத் தெரிந்தது வரவு செலவு ஒன்றுதான். அதனால் இன்றைக்கு பக்தியைப் பற்றி நான் பேசப் போவதில்லை, அதைப் பேசத் தகுதியானவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேசப்போவது மூட்டையைப் பற்றி.

காரணம் இருக்கிறது. பழனிக்கு நடக்க 17 பேர் பெயர் கொடுத்தோம். போன வாரம் இரண்டு பேர் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இருவருமே அறுபத்தைந்து தாண்டிய அம்மாக்கள். "நடந்துவிடுவேன், பையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது" என்றார்கள். உடனே, மூட்டைகளுக்கு ஒரு வேன் பிடித்துவிடலாம் என்று யோசனை வந்தது. வேன் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன்னால் பத்து நிமிடம் என் கணக்கைக் கேளுங்கள் என்று செயலாளரிடம் கேட்டு வாங்கிய நேரம் இது.

முதலில் தூரம். சேலத்திலிருந்து சங்ககிரி, ஈரோடு, அரச்சலூர், காங்கேயம், தாராபுரம் வழியாகப் பழனி சுமார் 175 கிலோமீட்டர். எட்டு நாள் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 22 கிலோமீட்டர். நம் வயதுக்காரர்களின் நடையில் அது ஏறக்குறைய முப்பதாயிரம் அடி. பையில் ஒரு கிலோ அதிகம் வைத்தால் அந்த ஒரு கிலோவை ஒரு நாளில் முப்பதாயிரம் தடவை முழங்கால் தாங்குகிறது. வட்டிக் கணக்கு போலத்தான். அசல் சின்னது, ஏறுகிற வட்டி பெரிது.

அப்படியானால் எவ்வளவு தூக்கலாம்? ஸ்பெயின் நாட்டில் சந்தியாகோ என்ற ஊருக்குக் கிறிஸ்தவ யாத்ரீகர்கள் நடக்கிறார்கள். பிரான்ஸ் எல்லையிலிருந்து புறப்படும் புகழ்பெற்ற பாதை மட்டும் ஏறக்குறைய 780 கிலோமீட்டர். வழியெல்லாம் யாத்ரீகர் விடுதிகள், அடுக்குக் கட்டில்கள். அங்கே நடப்பவர்கள் தலைமுறைகளாகச் சொல்லும் கணக்கு: உடம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூக்காதே. 60 கிலோ ஆள் 6 கிலோ. 48 கிலோ அம்மா 5 கிலோவுக்கும் கீழே. தண்ணீரும் இதில் சேர்த்தி.

எங்கள் வீட்டுச் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். கணக்கு இது:

பை – 900 கிராம்
மாற்று வேட்டி, சட்டை, உள்ளாடை – 600
ஈரிழைத் துண்டு இரண்டு – 300
பருத்திப் போர்வை – 700
மடிக்கும் விரிப்பு – 300
மங்கி குல்லா, மெல்லிய ஸ்வெட்டர் – 350
மருந்து – 250
சோப்பு, பிரஷ், எண்ணெய் – 200
கைப்பேசி, சார்ஜர், டார்ச் – 450
ஆதார், பணம், சீட்டுகள் – 100
ரப்பர் செருப்பு – 350
கொடிக்கயிறு, ஊக்கு, துணிப்பைகள் – 100
ஒரு லிட்டர் தண்ணீர், பாட்டிலோடு – 1,050
கடலை மிட்டாய், பேரீச்சை – 200

கூட்டினால் 5 கிலோ 850 கிராம். ஆறு கிலோவுக்குள் வந்துவிட்டது. எட்டு நாளுக்கு எட்டு உடுப்பு எங்கே என்று கேட்பீர்கள். தேவையில்லை. உடுத்தியது ஒன்று, மாற்று ஒன்று. காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் பத்து, பதினோரு மணிக்குள் அன்றைய நடை முடிந்துவிடும். போய்ச் சேர்ந்ததும் குளித்து, துவைத்து, கயிற்றில் போட்டால் தை மாத வெயிலில் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். ஆனால் காய்கிற துணியாக இருக்க வேண்டும். ஜீன்ஸ் காயாது. டர்க்கி டவல் காயாது, அது ஒன்றே அரைக் கிலோ. ஈரிழைத் துண்டுக்கு ஈடு இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அம்மாக்கள் கனத்த பருத்திப் புடவையை விட்டு, மெல்லிய புடவையோ சுடிதாரோ எடுத்துக்கொண்டால் அதிலேயே கால் கிலோவுக்கு மேல் மிச்சம்.

மலையில் இருக்கிற நமக்கு என்று ஒரு தனிப் பழக்கம் உண்டு. இங்கே அடிக்கிற குளிருக்குத்தான் பெட்டி கட்டுவோம். கம்பளி, ஷால், கனமான ஸ்வெட்டர் எல்லாம் போகும். காங்கேயம், தாராபுரம் பக்கம் பகலில் வெட்டவெளி வெயில். பனி விழுவது விடியற்காலையில் மட்டும். அதற்கு ஒரு குல்லாவும் மெல்லிய ஸ்வெட்டரும் போதும். அதேபோல் மலையிலிருந்தே நடந்து இறங்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முழங்காலை முதல் நாளே செலவழித்துவிட்டால் மீதி ஏழு நாளுக்குக் கையிருப்பு இருக்காது. அடிவாரம் வரை பஸ்ஸில் போய், சேலத்தில் நடையைத் தொடங்குவோம்.

இப்போது வேனுக்கு வருகிறேன். வேன் வந்தால் ஆளுக்கு ஒரு சூட்கேஸ் வரும். அது மனித இயல்பு, யாரையும் குறை சொல்லவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. வேன் மண்டபத்தில் நிற்கும், நாம் சாலையில் இருப்போம். சில வருடங்களுக்கு முன் வேறொரு குழுவோடு நடந்தபோது, சர்க்கரை நோயுள்ள ஒருவருக்குச் சாலையிலேயே வியர்த்துக் கொட்டிக் கை நடுங்க ஆரம்பித்தது. சர்க்கரை இறங்கிவிட்டது. அவருடைய குளுக்கோஸ், மாத்திரை, டாக்டர் சீட்டு எல்லாம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னால் போய்விட்ட வேனில். பக்கத்து டீக்கடைக்காரர் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்ததால் பிழைத்தார். முதுகில் 250 கிராம் மருந்து இருந்திருந்தால் அந்தக் கால்மணி நேரப் பயம் யாருக்கும் வந்திருக்காது.

அதனால் மருந்தை மட்டும் எந்த வேனிலும் ஏற்றக் கூடாது. அட்டைப் பெட்டியை எறிந்துவிட்டு மாத்திரைப் பட்டைகளை மட்டும் எடுங்கள். எட்டு நாளுக்குப் பதில் பத்து நாளுக்கு எடுங்கள். டாக்டர் சீட்டின் நகல் ஒன்று கூடவே இருக்கட்டும். இன்சுலின் போடுபவர்கள் தங்கள் டாக்டரிடம் நடையைப் பற்றிச் சொல்லி அளவைக் கேட்டுக்கொண்ட பிறகே கிளம்ப வேண்டும்.

குறைந்த சுமையோடு நடப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து, இளைப்பாறி, மறுபடி ஏற்றிக்கொள்ள வசதியான உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். அவள் இறக்கி வைக்காமல் போன சுமையை வழிப்போக்கராவது இறக்கி வைக்கட்டும் என்ற எண்ணம். சுமையைப் பற்றி நம் முன்னோர் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். இதே சேலத்தில் வக்கீலாக இருந்து, நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். அப்போது அவருக்கு வயது 51. ஏப்ரல் 13-ம் தேதி கிளம்பி 28-ம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். சுமார் 240 கிலோமீட்டர், நூறு தொண்டர்கள். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், இவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று உத்தரவு போட்டார். கும்பகோணத்தில் இடம் கொடுத்த பந்துலு ஐயர் சிறைக்கே போனார். அப்படியும் ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். இன்னொருவர் தயவில் தங்கி நடக்கிறவன் எவ்வளவு குறைவாகக் கேட்கிறானோ, இடம் கொடுப்பவருக்கு அவ்வளவு எளிது. இதுதான் நமக்கும் பாடம்.

நாம் தங்கப்போவதும் கல்யாண மண்டபங்களிலும் சத்திரங்களிலும்தான். ஒரே கூடத்தில் இருநூறு பேர் படுத்திருப்பார்கள். நமக்குக் கிடைப்பது ஆறடிக்கு இரண்டடி. அதில் பெரிய பெட்டி வைத்தால் பக்கத்தில் இருப்பவரின் இடத்தை எடுத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். இரவே பையைக் கட்டி வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் சாமான் போட்டால் விடியற்காலை மூன்று மணிக்கு அது போடும் சத்தத்தில் கூடமே எழுந்துவிடும். துணிப்பையில் போடுங்கள். பிளக் பாயிண்ட் நாலைந்துதான் இருக்கும். நால்வருக்கு ஒரு சார்ஜர் போதும், அதுவும் இரண்டு கைப்பேசிக்கு இடம் உள்ளதாக இருக்கட்டும்.

இந்தப் பங்கு போடுவதில்தான் நம் இரண்டு அம்மாக்களுக்கும் வழி இருக்கிறது. 17 பேருக்கு 17 சோப்பு, 17 கயிறு, 17 தைலம் எதற்கு? நால்வர் நால்வராகப் பிரித்து, பொதுச் சாமானை வலுவுள்ளவர்கள் எடுத்துக்கொள்வோம். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல் உண்டு, அரை லிட்டர் பாட்டில் போதும். போர்வையையும் விரிப்பையும் தம்பிமார்கள் வாங்கிக்கொண்டால் அந்த அம்மாக்களின் தோளில் நான்கு கிலோவுக்குக் கீழேதான் இருக்கும். கடைக்குப் போய்க் காய்கறி வாங்கி வருகிற எடை. அவர்கள் வராமல் நாம் மட்டும் போய் வந்தால் அதை நம் குடியிருப்பின் யாத்திரை என்று எப்படிச் சொல்வது?

சில சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புதுச் செருப்பு, புது ஷூ வேண்டவே வேண்டாம். பழகியதையே போடுங்கள். வெறுங்காலில் நடக்க வேண்டிக்கொண்டவர்களும் பையில் ஒரு ரப்பர் செருப்பு வையுங்கள், உச்சி வெயில் தாரில் கொப்புளம் வந்தால் வேண்டுதலே பாதியில் நின்றுவிடும். நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலது ஓரமாக நடக்க வேண்டும். இருட்டில் ஒளிரும் பட்டையைப் பையின் முன்னும் பின்னும் ஒட்டுங்கள். பணத்தை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள், டீக்கடைக்குச் சில்லறை தனியாக. ஏடிஎம் கார்டின் பின் நம்பரைக் கார்டு உறையிலேயே எழுதி வைப்பவர்களை நான் கவுண்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். பழனி மலைக்கோயிலில் 2023 அக்டோபர் முதல் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. ஆகவே முக்கியமான எண்களை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். 693 படி ஏறும்போது பையும் வேண்டாம், தங்கும் இடத்திலேயே ஒருவர் காவலுக்கு இருந்து முறை மாற்றிக்கொள்வோம்.

ஆகவே என் யோசனை: மூட்டைக்கு வேன் வேண்டாம். முடியாதவர் ஏறிக்கொள்ள, முதலுதவிக்கு, ஒரு கார் மட்டும் பின்னால் வரட்டும். அதில் யாருடைய பெட்டியும் ஏறக்கூடாது.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு எல்லோரும் கட்டிய பையோடு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். தராசு கொண்டுவருகிறேன். எடை போட்டு, அதிகமானதை எடுத்துவிட்டு, அதே பையோடு ஏரி வரை நடந்து திரும்புவோம். பெயரை எடுத்துக்கொண்ட இரண்டு அம்மாக்களும் சும்மா ஒரு தடவை அந்தப் பையைத் தோளில் மாட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு முடிவு சொன்னால் போதும்.

 வணக்கம்.