மூழ்கிய காரை யார் வாங்குகிறார்கள்?

(பருவமழைக்கு முன்னேற்பாடாக நம் சங்கம் நடத்திய குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)



பி பிளாக்கில் என்னைப் 'புதுப்பேட்டைக்காரர்' என்று சொல்வீர்கள். என் தொழில் என்னவென்று பலருக்குச் சரியாகத் தெரியாது. இன்சூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்' என்று கழித்துவிட்ட கார்களை ஏலத்தில் எடுத்து, உடைத்து, பாகம் பாகமாக விற்பதுதான் என் பிழைப்பு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் எங்கள் ஷெட்டுக்கு வந்துகொண்டே இருந்தன. மேட்டில் வண்டியை நிறுத்துங்கள், மோட்டாரைச் சரிபாருங்கள் என்று செயலாளர் எல்லாம் சொல்லிவிட்டார். அதற்கு மேலும் தண்ணீர் வந்து கார் முழுகிவிட்டால், அதன்பின் அது யார் கைக்குப் போகிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. உங்கள் பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். புது வண்டி விலையிலிருந்து வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்த தொகை அது. நாலு வருஷம் தாண்டி ஐந்துக்குள் இருக்கும் வண்டிக்குப் பாதி போய்விடும். சர்வேயர் வந்து பார்த்து, பழுது செலவு அந்த ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். ஐ.டி.வி. 4 லட்சம் என்றால் 3 லட்சம்தான் எல்லை. டாஷ்போர்டு வரை தண்ணீர் ஏறிய வண்டிக்கு அந்த எல்லையைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. ஒயரிங்கும் கம்ப்யூட்டர் பெட்டிகளுமே பாதியைத் தின்றுவிடும்.

அப்புறம் வண்டியின் படங்கள் ஏலத்துக்கு வரும். என்னைப் போன்றவர்கள் விலை கேட்போம். விபத்து வண்டியில் தகரம் போய் ஒயர் மிஞ்சும். வெள்ள வண்டியில் ஒயர் போய் தகரம் மிஞ்சும். நாலு கதவு, பானெட், டிக்கி, கண்ணாடிகள், அலாய் வீல், ஆக்சில், சஸ்பென்ஷன் ஆர்ம் எல்லாம் கழுவித் துடைத்தால் நல்ல சரக்கு. இன்ஜினும் பிழைக்கும், யாரும் சாவியைத் திருகாமல் இருந்தால். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். திருகாத வண்டிக்கு நாங்கள் கூட விலை கொடுப்போம். உங்களுக்கும் அதில் லாபம் உண்டு. 'இன்ஜின் புரொடெக்ட்' தனியாக எடுக்காத பாலிசியில், தண்ணீரில் ஸ்டார்ட் செய்து உடைந்த இன்ஜினுக்குப் பணம் வராது. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் 'ஒருதடவை போட்டுத்தான் பாருங்களேன்' என்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

இப்போது நான் இங்கே பேச ஒப்புக்கொண்டதற்கான காரணத்துக்கு வருகிறேன். ஒரே வண்டிக்கு இரண்டு விலை உண்டு, ஆர்.சி.யோடு ஒன்று, ஆர்.சி. இல்லாமல் ஒன்று. ஆர்.சி.யோடு என்றால் கூடுதலாகக் கிடைக்கும். கதவையும் கண்ணாடியையும் விற்கிறவனுக்கு ஆர்.சி. எதற்கு? எனக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. கூடுதல் காசு கொடுக்கிறவர்களில் ஒரு பகுதி, வண்டியைத் தேற்றி செகண்ட் ஹேண்டாக விற்பவர்கள். இன்னொரு பகுதிக்கு வண்டியே வேண்டாம், அந்த நம்பர்தான் வேண்டும். எங்கோ திருடிய அதே மாடல், அதே நிற வண்டியில் உங்கள் ஷாசி நம்பரைப் பொறித்து, உங்கள் நம்பர் பிளேட்டை மாட்டி ஓட்டிவிடுவார்கள். காகிதம் அசல், வண்டி திருட்டு.

அந்த வண்டி யாரையாவது இடித்தால் போலீஸ் முதலில் வருவது ஆர்.டி.ஓ. பதிவில் பெயர் உள்ளவர் வீட்டுக்கு. 'வித்துட்டேன் சார், ஃபாரத்துல கையெழுத்தும் போட்டுட்டேன்' என்றால் போதாது. கைமாறி கைமாறிப் போன வண்டியானாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

அதனால் செட்டில்மென்ட் பேசும்போது 'ஆர்.சி. இல்லாமல் என்ன தொகை?' என்று கேளுங்கள். வித்தியாசம் சில ஆயிரமோ, சில பத்தாயிரமோ இருக்கலாம். வண்டி உடைக்கத்தான் போகிறது என்றால் அந்தப் பணத்தை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. சொல்கிறவன் அதே ஏலத்தில் விலை கேட்கிறவன் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவுப்படி, இனி ஓடாது என்று ஆன வண்டியை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, ஆர்.சி.யை ஒப்படைத்து, பதிவை ரத்து செய்யவேண்டியது உரிமையாளரின் கடமை. பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் மையத்தில் விட்டால் 'சர்டிபிகேட் ஆஃப் டெபாசிட்' தருவார்கள், அதைப் பத்திரமாக வையுங்கள். ஆர்.சி.யோடுதான் கொடுப்பேன் என்றால், 29, 30 ஃபாரங்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டு நீட்டாதீர்கள். வாங்குபவர் பெயர், முகவரி, தேதி நிரப்பி, அவரது அடையாள நகல் வாங்கி, ஆர்.டி.ஓ.வுக்கு நீங்களும் எழுதுங்கள். பெயர் மாறிவிட்டதா என்று பரிவாஹன் தளத்தில் மாதம் ஒருமுறை பாருங்கள். லோன் பாக்கி இருந்தால் இன்சூரன்ஸ் பணம் முதலில் பேங்குக்குப் போகும், அந்த என்.ஓ.சி.யையும் மறக்காமல் வாங்குங்கள்.

பழைய பாகம் வாங்குபவர்களுக்கு ஒன்று. கதவு, பம்பர், டிக்கி எல்லாம் தாராளமாக வாங்குங்கள், புதிதில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். ஏர்பேக், சீட் பெல்ட், ஏ.பி.எஸ். யூனிட், ஈ.சி.எம்., ஒயரிங் இவற்றை வெள்ள வண்டியிலிருந்து வாங்கவே கூடாது. நானே விற்பதில்லை. இன்றைக்கு வேலை செய்யும். மூன்று மாதம் கழித்து கனெக்டரில் பச்சை பூத்து நிற்கும். ஏர்பேக் விரியுமா விரியாதா என்று சோதித்துப் பார்க்க வழியே இல்லை.

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறீர்களா? சீட் பெல்ட்டை முழுவதும் இழுங்கள். வெளியே தெரியும் முழத்தைத் துவைத்திருப்பார்கள், சுருளின் கடைசியைத் துவைக்கமாட்டார்கள். அங்கே சேற்றுக் கோடு இருக்கும். சீட்டின் அடி போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், உள்ளே தேவைக்கு மேல் சென்ட் வாசனை, இவையும் கவனிக்க வேண்டியவை.

கேள்விகள் நிறைய இருக்கும், மணி எட்டாகிவிட்டது. வரும் ஞாயிறு காலை ஷெட்டில் ஒரு வெள்ள வண்டியைப் பிரிக்கிறோம். பார்க்க விருப்பமுள்ளவர்கள் செக்யூரிட்டியிடம் பெயர் கொடுங்கள், சேர்ந்து போகலாம். பழைய செருப்பு போட்டு வாருங்கள்.