புனங்காவலும் உடற்காவலும்

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் எம்மை இலக்கியம் பற்றிப் பேசுமாறே நம் செயலாளர் பணித்தார். யாமோ நோயைப் பற்றிப் பேச இசைவு பெற்று வந்துள்ளோம். அதன் காரணத்தை இறுதியிற் கூறுவோம்.

மலைச்சாரலில் கதிர் முற்றுங் காலத்துப் பரண் கட்டிக் காவலிருத்தல் தொன்றுதொட்ட வழக்கம். அக்காவலன் இருவகைப் பிழை செய்தல் கூடும். அவன் உறங்கிவிடின் கதிர் பறிபோகும். வெகுண்டு கவண்கல்லை அளவின்றி வீசுவானாயின் அவன் கல்லே கதிரைச் சிதைக்கும். நம் உடற்காவலும் இத்தகையதே.

குருதியிலுள்ள வெள்ளணுக்கள் பல வகையின. அவற்றுள் ஒருவகை 'டி' அணுக்கள் எனப்படும். நெஞ்செலும்பின் பின்னே தைமஸ் என்னும் சுரப்பி ஒன்றுண்டு. அங்கே முதிர்வதனால் அச்சுரப்பியின் ஆங்கில முதலெழுத்தே இவ்வணுக்களுக்குப் பெயராயிற்று. நெடுங்காலம் பயனற்றதென எண்ணப்பட்டிருந்த அச்சுரப்பியின் சிறப்பை ஜாக் மில்லர் என்னும் அறிஞர் 1961ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார்.

ஒவ்வொரு டி அணுவின் மேற்பரப்பிலும் 'ஏற்பி' என்னும் புரத அமைப்புகள் உள. அவையே காவலனின் கண்கள். ஓர் அணுவின் ஏற்பிகள் யாவும் ஒரே வடிவின. ஆதலின் அவ்வணு தனக்குப் பொருந்தும் அடையாளத்தையன்றிப் பிறிதொன்றை அறியாது. அன்றியும், அது கிருமியை முழுவதாகக் காண்பதில்லை. வேறோர் அணு கிருமியைச் சிதைத்து, அதன் துணுக்கைத் தன்மேல் ஏந்திக் காட்டுதல் வேண்டும். துணுக்கையும் அதனை ஏந்தும் கையையும் ஒருசேரக் கண்டாலன்றி டி அணு எழாது. 1974இல் இவ்வுண்மையைக் கண்ட டோஹெர்டி, சிங்கர்நாகல் இருவரும் 1996இல் நோபல் பரிசு பெற்றனர். ஏற்பியின் மரபணுக்கள் 1984இல் கண்டறியப்பட்டன.

எண்ணிறந்த கிருமிகளை அறியத்தக்க எண்ணிறந்த கண்கள் எங்ஙனம் தோன்றுகின்றன என வினவலாம். உயிர் 12, மெய் 18. இவை தம்முட் கூடி 216 உயிர்மெய் ஆகின்றன அல்லவா? அங்ஙனமே சில மரபணுத் துண்டுகள் பலவாறு கூடியும், கூடுமிடத்திற் சிறிது மிக்கும் குறைந்தும் கோடிக்கணக்கான ஏற்பி வடிவுகளை ஆக்குகின்றன. அவற்றுள் நம் உடலையே பகையாகக் காணும் கண்களும் தோன்றும். தைமஸ் அத்தகையனவற்றைக் களைந்தெறிகின்றது. களைக்குத் தப்பியவை பிற்காலத்தில் தீங்கு செய்வதும் உண்டு; இளம்பருவத்தும் தோன்றும் முதல்வகை நீரிழிவு அவ்வாறு வருவதே.

இனி, நாம் கருதிவந்த நோய்க்கு வருவோம். அது தொழுநோய். அதன் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873இல் கண்டார். முன்வினைப் பயன் என்றும் குலத்தில் தொடர்வது என்றும் மக்கள் அஞ்சிய நோய், கிருமியால் வருவதென்று பின்னர்த் தெளிவாயிற்று. அக்கிருமி உடலிற் புகுந்தாலும் மிகப் பெரும்பாலோர்க்கு நோய் உண்டாவதில்லை. அவர்தம் காவல் அதனை அடக்கிவிடுகின்றது.

நோயுற்றாரிடத்தும் ஒரே கிருமி இரு வேறு முகங்காட்டுகின்றது. சிலர்க்கு டி அணுக்கள் வலிமையோடு எழுகின்றன. கிருமி மிகச் சிலவே எஞ்சும், உணர்வற்ற திட்டுகளும் ஒன்றிரண்டே. வேறு சிலர்க்கு அக்கிருமியை எதிர்க்க வேண்டிய டி அணுக்கள் எழுவதில்லை. கிருமி தடையின்றிப் பெருகித் தோலெங்கும் பரவும். இது காவலன் உறங்கிய புனம்.

மற்றொரு கேடும் உண்டு. இக்கிருமி நரம்பினுள் ஒளிந்து வாழ்வது. டி அணுக்கள் திடீரெனச் சினந்து தாக்குங்கால் நரம்பு வீங்கி நோகும். உடனே மருத்துவம் செய்யாவிடின் கைகால் செயலிழக்கும். இது கவண்கல் பட்ட கதிர். ஆதலின் மருந்துண்ணும் காலத்தில் நரம்பு வலியோ புதிய தளர்ச்சியோ தோன்றின், அன்றே மருத்துவரிடம் செல்லல் வேண்டும்.

இம்மலைக்கு வடக்கேயுள்ள வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், விரல்கள் நோயால் உதிர்வன அல்ல என்று காட்டினார். உணர்விழந்த விரல் சுடுகலத்தையும் முள்ளையும் அறியாது காயமுற்றுக் காயமுற்றுத் தேய்கின்றது. மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் அவர் நிமிர்த்தினார். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955 முதல் இந்நோய்க்கெனத் தனி ஆராய்ச்சி மருத்துவமனை நடைபெற்று வருகின்றது.

கூட்டு மருந்து முறையை உலகச் சுகாதார நிறுவனம் 1982இல் வகுத்தது. நோயின் அளவிற்கேற்ப 6 திங்களோ 12 திங்களோ உண்டால் நோய் தீரும். அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் அம்மருந்து விலையின்றிக் கிடைக்கின்றது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குப் பெறும் வழியையும் நம் நாட்டுச் சட்டம் 2019இல் நீக்கிவிட்டது.

முதலிற் கூறாது விட்ட காரணத்தை இனிக் கூறுவோம். பல்லாண்டுகட்கு முன் எம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவன் முழங்கையில் வெளுத்த திட்டு ஒன்றைக் கண்டோம். தேமல் என்று எண்ணி வாளாவிருந்தோம். அவன் பெற்றோர் அறிந்திருந்தனர். தமக்கையின் திருமணம் தடைப்படுமென்று அஞ்சி மறைத்தனர். அவன் எழுதுகோலைப் பற்ற இயலாது சுண்டுவிரல் மடங்கிய நாளிலேதான் எமக்கு உண்மை விளங்கிற்று. மருந்தால் நோய் தீர்ந்தது. விரல் முற்றும் நிமிரவில்லை. அப்பிழையில் எமக்கும் பங்குண்டு.

அன்பர்களே! அவன் உடற்காவல் மட்டுமா தவறியது? பெற்றோரும் ஆசிரியரும் ஊராருமாகிய நாமன்றோ பரண்மீது உறங்கினோம்! நம் சங்கத்துக் குடும்பங்களில், பெண் கொடுப்போரும் கொள்வோரும் இந்நோயைக் குலத்தின் குறையாகப் பேசாதிருப்போமாக. உங்கள் மக்கள் உடலில் நிறம் வெளுத்தோ சிவந்தோ ஒரு திட்டு இருப்பின், அவ்விடத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரியவில்லை என்று குழந்தை கூறின், மறுநாள் வரை காத்திராது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதனினும் பெரிய காவல் வேறில்லை.