முடக்குவாதமும் இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையும்

(ஜமாஅத் மருத்துவ விளக்கக் கூட்டத்தில் எலும்பு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



முதுமைத் தேய்மானத்துக்காக இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டோர் நம்மிடையே உள்ளனர். ஆனால், சரவாங்கி எனப்படும் முடக்குவாதம் உடையோருக்கு அதே சிகிச்சை வேறுவித முன்னேற்பாடுகளைக் கோருகிறது. அதைப்பற்றியே பேச விழைகிறேன்.

முடக்குவாதம் வயதினால் வருவதன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் வருவது. ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகத் தாக்குகிறது. தொடக்கத்திலேயே மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை முறையாக உட்கொண்டால் பலருக்கு அறுவை சிகிச்சைக்கே தேவை எழாது. மூட்டு அழிந்தபின் எம்மருந்தும் அதை மீட்டுத் தராது.

1962-இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி, உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் இணைத்துச் செயற்கை மூட்டு பொருத்தினார். அதற்குமுன் அவர் பயன்படுத்திய டெஃப்லான் கிண்ணங்கள் விரைவில் தேய்ந்து தோல்வியுற்றிருந்தன. இன்றைய மூட்டுகள் அவர் வகுத்த வழியில் வந்தவையே.

முடக்குவாத நோயாளிக்கு எலும்பு மென்மையாகியிருக்கும். சிலருக்கு இடுப்புக் குழி உள்நோக்கி அமிழ்ந்துவிடும். அப்போது, அகற்றிய எலும்புப் பந்தையே சிறு துண்டுகளாக்கிக் குழியை நிரப்பிக் கிண்ணத்தைப் பொருத்துவோம். இடுப்புக்குச் சிகிச்சை கேட்டு வந்தவரிடம் கழுத்தை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் வியப்படைகிறார்கள். இந்நோய் கழுத்தின் முதலிரு எலும்புகளின் பிணைப்பைத் தளர்த்தக்கூடும். அதனை அறியாமல் மயக்க மருந்து கொடுக்கும்போது கழுத்தை வளைத்தால் தண்டுவடம் நசுங்கும் அபாயம் உண்டு.

மருந்துகளை மட்டும் மறைக்காதீர்கள். ஓர் அம்மையார், தாம் எம்மருந்தும் உண்பதில்லை என்று உறுதியாகச் சொன்னார். உப்பிய முகமும், தொட்டாலே கன்றும் மெல்லிய தோலும் ஐயத்தை எழுப்பின. மீண்டும் கேட்டபோது, ஆண்டுக்கணக்கில் உண்டுவந்த பெயரில்லாப் பொடியை முந்தானையிலிருந்து எடுத்தார். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. நெடுநாள் உண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் அறுவை மேசையிலேயே இரத்த அழுத்தம் சரிந்துவிடலாம்.

2022-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதலின்படி, மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்த வேண்டியதில்லை. ஸ்டீராய்டும் வழக்கமான அளவிலேயே தொடரலாம். பயலாஜிக் ஊசிகளில் பெரும்பாலானவற்றின் ஒரு தவணையைத் தவிர்த்து, புண் ஆறியபின், ஏறத்தாழ இரண்டு வாரங்களில் மீண்டும் தொடங்குவர். இந்நோயாளிகளுக்குச் சீழ்பிடிக்கும் அபாயம் கூடுதல் என்பதால் சொத்தைப் பல்லையும் சிறுநீர்த் தொற்றையும் முன்னரே சரிசெய்ய வேண்டும்.

விரல்கள் கோணியவரால் சாதாரண வாக்கரைப் பற்ற இயலாது. முழங்கையை ஊன்றும் வகையைக் கேட்டு வாங்குங்கள். தொடக்க வாரங்களில் தரையில் அமர்தல், குந்துதல், சம்மணமிடுதல் கூடாது. பின்னரும் மருத்துவர் அனுமதித்தாலன்றி வேண்டாம். தொழுகையை நாற்காலியில் நிறைவேற்றலாம். ஒளுச் செய்வதற்குத்தான் நம் பள்ளியில் தாழ்வான திண்டைத் தவிர வேறு இடமில்லை. அங்கே உயரமான இருக்கைகள் இரண்டும், சுவரில் ஒரு கைப்பிடியும் அமைத்துத் தருமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.