ஈழம்பூட்சி என்னும் பழைய கள்வரி



பண்டைத் தமிழில் 'ஈழம்' என்னும் சொல்லுக்குக் கள் என்றும் ஒரு பொருளுண்டு. கள்ளிறக்குவோரிடம் வாங்கிய வரிக்கு 'ஈழம்பூட்சி' என்று பெயர். முதலாம் இராஜராஜன் நாகப்பட்டினத்துப் புத்த விஹாரத்திற்கு விட்ட ஆனைமங்கலத்தின் செப்பேட்டில், தறிக்கும் ஓடத்திற்கும் உரிய வரிகளோடு இதுவும் எண்ணப்பட்டிருக்கிறது. பிற தேசங்களிலும் இவ்வழக்கம் உண்டு. ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தார் 18-ஆம் நூற்றாண்டில் 'ஏல்' என்னும் பார்லிக் கள்ளின்மீது, பைண்டுக்கு இரண்டு ஸ்காட் பென்னி வீதம் வரி வாங்கி, அதனை நகரக் காரியங்களுக்கே செலவிட்டனர். நம் நாட்டுப் பனையேறிக்கோ, அவன் கொடுத்த வரி திரும்பி வந்ததாகத் தெரியவில்லை.

ஆங்கில ஆட்சியில் 1886-ஆம் வருஷத்து அப்காரிச் சட்டத்தின்கீழ் மரவரி வாங்கப்பட்டது. கடைகள் ஏலத்தில் விடப்பட்டன. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், தடவாவிடில் கள். ஒரே மரம், ஒரே பாளை. வரியைத் தீர்மானித்தது ஒரு பிடி சுண்ணாம்பே!

1937 அக்டோபர் 1-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. குறைந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரிச் சட்டம் பிறந்தது. கள்ளைத் தொடாதவரும் அதன் சுமையில் பங்கு பெற்றனர். 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு பரவியபோது, தொழிலிழந்த பனையேறிகளுக்காக வெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. பின்னர் மதுவிலக்குப் பலமுறை தளர்ந்தும் இறுகியும் போயிற்று. 1983-ல் ஸர்க்காரின் வாணிபக் கழகம் தோன்றிற்று. ஆலைச் சரக்கு விற்க, கள் பின்னர் விலக்கப்பட்டது. 2023 மே மாதம் திண்டிவனத்தை அடுத்த மரக்காணம் பக்கத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பல உயிர்களைக் கொண்டது.

கள்ளுக்கு விலக்கு வேண்டுமா, வேண்டாமா என்பது சட்டசபையின் விவகாரம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சங்கங்கள் பார்க்க வேண்டியது வேறொன்று. பருவம் தொடங்குமுன் பனையேறிக்குக் கலயம், கயிறு, சுண்ணாம்பு, விறகு யாவும் வேண்டும், கையில் பணமிராது. வியாபாரியிடம் முன்பணம் வாங்குவான். வெல்லத்தை அவ்வியாபாரி சொன்ன விலைக்கே அளக்கக் கடமைப்படுவான். ஒரு கிலோ வெல்லத்திற்கு ஏறக்குறைய எட்டுப் பத்து லிட்டர் பதநீர் காய்ச்ச வேண்டும். இத்தனை உழைப்பிலும் அடிவிலையாகக் கழிவதே இன்றைய ஈழம்பூட்சி. அதற்குச் செப்பேடும் இல்லை, ரசீதும் இல்லை.

ஆகையால் பனையேறி அங்கத்தினர்களின் கடன் மனுக்களை மார்கழியிலேயே வாங்கி, தை பிறப்பதற்குள் பணத்தைப் பட்டுவாடா செய்தல் அவசியம். மாசியில் கிடைக்கும் கடன், வியாபாரியின் முன்பணத்தைத் தீர்க்கத்தான் உதவும்.