கரிச்சட்டியும் கதவடைத்த அறையும்

(கெடா மாநிலத் தோட்ட மக்களுக்குத் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய விளக்கவுரை)



பொழுது விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்பட வேண்டியவர்கள் நீங்கள். ஆகவே நேரே செய்திக்கு வருகிறேன். கதகதப்புக்காக வீட்டினுள் வைக்கும் நெருப்பு, வீட்டாரின் உயிரையே எவ்வாறு கவர்ந்துவிடுகிறது என்பதையும், அதனைத் தடுக்கும் வழிகளையும் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

"நமது கெடாவில் பனியா கொட்டுகிறது? வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவை நமக்கு ஏது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் நம் வீடுகளிலும் நெருப்பு படுக்கையறைக்குள் நுழையும் வேளைகள் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குக் குளிர்காற்று ஆகாது என்று பாட்டிமார் கரிச்சட்டி வைக்கச் சொல்வார்கள். தாயும் சேயும் தலைமுழுகிய பின்னர் சாம்பிராணிப் புகை காட்டுவது நமது வழக்கம். பிரசவித்த தாயை அனலருகே படுக்கவைக்கும் வழக்கம் மலாய்ச் சகோதரர்களிடமும் இருந்து வந்துள்ளது. அடைமழை நாட்களில் குழந்தையின் துணிகளை அனலில் உலர்த்துவோரும் உளர். வெள்ளம் வந்து மின்சாரம் நின்றால், ஜெனரேட்டர் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

இவை யாவற்றிலும் மறைந்திருக்கும் நஞ்சு ஒன்றே. அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு. பள்ளிப் பாடத்தில் படித்த கரியமில வாயு வேறு, இது வேறு. விறகோ, கரியோ, எரிவாயுவோ, பெட்ரோலோ போதிய காற்றின்றி எரியும்போது இது பிறக்கிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்காது, இருமலையும் வரவழைக்காது.

விறகு புகைந்தால் கண்ணீர் வடிகிறது. உடனே கதவைத் திறக்கிறோம். அந்தக் கண்ணீரே நமக்குக் காவல். ஆனால், நன்கு கனன்று சிவந்த கரியில் புகை தெரிவதில்லை. "புகை அடங்கிவிட்டது, இனி உள்ளே வைக்கலாம்" என்று எண்ணுகிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. கனலும் கரியின்மேல் சில வேளைகளில் நீலநிறச் சுடர் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு எரிவதுதான் அந்த நீலச் சுடர். சுடர் அடங்கி, கரி சாம்பல் பூத்துக் கனலும்போது அந்த வாயு எரியாமல் அறையில் பரவுகிறது.

உடலினுள் இது செய்யும் வேலையைப் பார்ப்போம். நாம் சுவாசிக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள சிவப்புப் பொருள். அதற்கு ஹீமோகுளோபின் என்று பெயர். பால் சேகரிக்கும் வாளியாக அதனை எண்ணிக்கொள்ளுங்கள். வாளி நிறையத் தண்ணீர் இருந்தால், பாலுக்கு அதில் இடமேது? கார்பன் மோனாக்சைடு அவ்விதமே பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் அது ஒட்டிக்கொள்வதால், எளிதில் விட்டு விலகுவதுமில்லை. மார்பு ஏறி இறங்கும். மூச்சு வந்து போகும். ஆனால் மூளையும் இதயமும் பட்டினி கிடக்கும். இந்த உண்மையை பிரெஞ்சு நாட்டு அறிஞர் கிளாட் பெர்னார்ட் 1857ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? காற்றின் பத்தாயிரம் பங்கில் 16 பங்கு இந்த வாயு கலந்திருந்தாலே, 20 நிமிடங்களில் தலைவலியும் குமட்டலும் உண்டாகும். இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகக்கூடும். உறங்குபவர் நிலை இன்னும் மோசமானது. தலைவலியை உணராமலே அவர் உறக்கத்திலிருந்து மயக்கத்துக்கும், மயக்கத்திலிருந்து மரணத்துக்கும் சென்றுவிடுகிறார்.

இவை ஏட்டுக் கணக்குகள் மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். 2020ஆம் ஆண்டு ஜனவரியில், கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா சென்றவர்கள், டாமன் என்னும் மலைப்பகுதியில் ஒரு விடுதியில் தங்கினர். குளிர் தாளாமல் எரிவாயுக் கணப்பை அறையில் வைத்துக் கதவு, சன்னல்களை அடைத்து உறங்கினர். நான்கு குழந்தைகள் உட்பட எட்டுப் பேர் இறந்தனர். 2024ஆம் ஆண்டில் தமிழகத்தின் கொடைக்கானலில், இறைச்சி வாட்டிய கரி அடுப்பை அணைக்காமல் அறையில் விட்டு உறங்கிய இளைஞர் இருவர் மாண்டனர். அதே 2020ஆம் ஆண்டில் நம் அண்டையிலுள்ள பினாங்கு மாநிலத்தில், ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தப்பட்டிருந்த காருக்குள் உறங்கிய நான்கு இளம்பெண்களுள் மூவர் உயிருடன் திரும்பவில்லை. குளிர்நாட்டு ஆபத்து என்று நாம் ஒதுக்கியது, பாலத்துக்கு இப்பாலேயே நடந்துவிட்டது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். "எங்கள் பாட்டி காலத்தில் கரிச்சட்டி வைக்காத பேறுகால வீடே இல்லை. அன்று நேராத கேடு இன்று மட்டும் நேருமா?" என்று கேட்பீர்கள். பாட்டி சொன்னதைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆனால், பாட்டி வாழ்ந்த வீட்டை எண்ணிப் பாருங்கள். பழைய லயத்து வீட்டில் பலகைச் சுவர். பலகைக்குப் பலகை இடுக்கு. சுவருக்கும் கூரைக்கும் நடுவே திறப்பு. அடைத்தாலும் காற்று புகுந்து கொண்டேயிருக்கும். அந்த இடுக்குகளே பலரைக் காத்தன. அன்றுங்கூட எல்லாரையும் காத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. இன்று தோட்டத்தை விட்டு சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தோர் பலர். தோட்டங்களிலும் கல் வீடுகள் வந்துவிட்டன. கல் சுவர், கண்ணாடிச் சன்னல், மூடிய உட்கூரை, இவற்றோடு குளிர்சாதனப் பெட்டி வேறு! வீடு மாறிவிட்டது, கரிச்சட்டி மட்டும் மாறாமல் கூடவே வந்துவிட்டது. ரப்பர் ஷீட்டுகளைப் புகையூட்டும் புகைவீட்டில் பாய் விரித்துப் படுக்க நம்மில் எவரும் துணிய மாட்டோம். கனலும் கரியுடன் அடைத்த அறை, புகை தெரியாத புகைவீடு!

பேறுகால அறையில் மிகுந்த கவனம் வேண்டும். பச்சிளங் குழந்தை பெரியவர்களைவிட விரைவாக மூச்சுவிடுவதால், நஞ்சையும் விரைவாக உட்கொள்கிறது. கருவிலிருக்கும் சிசுவின் இரத்தம் இந்த வாயுவைத் தாயின் இரத்தத்தைவிட இறுகப் பற்றுகிறது. எனவே தாய் பிழைத்தாலும் சிசுவுக்குத் தீங்கு நேரலாம். தாய்க்குச் சூடு வேண்டுமானால் கம்பளியும், காலுறையும், துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டியும் போதும். சாம்பிராணி காட்டியே ஆக வேண்டுமென்றால், திறந்த வராந்தாவில் கூந்தலை உலர்த்திக்கொண்டு, சட்டியை வெளியிலேயே விட்டுவிடலாம்.

இனி, நாம் கடைப்பிடிக்க வேண்டியவை. முதலாவது, மனிதர் உறங்கும் அறையில் கரி, விறகு, எரிவாயுக் கணப்பு எதுவும் வேண்டாம். "ஒரு சன்னலைச் சற்றே திறந்து வைத்தோம், பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்தோம்" என்பவை பாதுகாப்பாகா. தண்ணீர் இந்த வாயுவை உறிஞ்சாது. அணைந்ததுபோல் தோன்றும் கரியும் மணிக்கணக்கில் கனலும். எனவே சட்டியை வெளியே கொண்டுபோய் நீர் ஊற்றி முற்றாக அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, ஜெனரேட்டர். 2010ஆம் ஆண்டு நவம்பரில் அலோர் ஸ்டார், குபாங் பாசு வட்டாரங்களையும், 2022ஆம் ஆண்டு ஜூலையில் பாலிங்கையும் தாக்கிய வெள்ளங்களை நாம் மறக்கவில்லை. அத்தகைய வேளையில் மழைக்கு அஞ்சி ஜெனரேட்டரைச் சமையற்கட்டிலோ கார் கொட்டகையிலோ ஓட்டலாகாது. வெளியே, கதவு சன்னல்களுக்கு 20 அடிக்கு அப்பால், புகைபோக்கும் குழாய் வீட்டைப் பாராதபடி வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, நின்ற காரில் இயந்திரத்தை ஓடவிட்டு உறங்குதல் கூடாது. புகைக்குழாயில் ஓட்டை விழுந்திருந்தால் பட்டறையில் காட்டிச் சீர்செய்யுங்கள். வசதியுள்ளோர், இந்த வாயுவைக் கண்டறிந்து ஒலியெழுப்பும் கருவியை வாங்கி வைக்கலாம். சாதாரணப் புகை எச்சரிக்கைக் கருவி இதனைக் கண்டறியாது.

முன்னாளில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் கேனரிக் குருவியைக் கூண்டிலிட்டுக் கொண்டு செல்வார்கள். நச்சுவாயு இருந்தால் மனிதருக்கு முன் குருவி சாய்ந்துவிடும். 1986ஆம் ஆண்டில்தான் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. நமது வீட்டில் கேனரிக்குப் பதிலாக இருப்பது தலைவலி. ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், பலருக்குத் தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி, கால் தளர்ச்சி கண்டால், வெளியே வந்ததும் தெளிந்தால், உணவின் மேலும் காற்றுக் கருப்பின் மேலும் பழியைப் போட்டுக்கொண்டிராதீர்கள். நெருப்பு எங்கே என்று பாருங்கள்.

யாரேனும் மயங்கிக் கிடந்தால், கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, அவரை உடனே வெளியே இழுத்து வாருங்கள். உள்ளே நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் காப்பாற்றப் போனவரும் விழுவார். 999க்கு அழையுங்கள். மூச்சு நின்றிருந்தால், பயிற்சி பெற்றவர் முதலுதவியைத் தொடங்கட்டும். மருத்துவரிடம் மறவாமல், "அறையில் கரி நெருப்பு இருந்தது" என்று சொல்லுங்கள். விரலில் மாட்டும் சிறு கருவி இந்த நஞ்சைப் பிராணவாயு என்றே கணக்கிட்டு, அளவு சரியாக இருப்பதாகக் காட்டிவிடும். நீங்கள் சொல்லும் அந்த ஒரு சொல்லே உரிய இரத்தப் பரிசோதனைக்கு வழிகாட்டும். சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள நஞ்சில் பாதி நீங்கவே நான்கைந்து மணி நேரமாகும். மருத்துவமனையில் தூய பிராணவாயு கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் நீங்கும். தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். நாட்கள் அல்லது வாரங்கள் சென்றபின் மறதியும் தடுமாற்றமும் தோன்றுவதுண்டு.

பெருமக்களே! இதற்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. இன்றிரவு படுக்கச் செல்லுமுன், வீட்டில் நெருப்பு எங்கே இருக்கிறது, மக்கள் எங்கே உறங்குகிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். இரண்டும் ஒரே கூரையின்கீழ், ஒரே அறையில் இருந்தால், நெருப்பை வெளியே அனுப்புங்கள். அண்டை வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால், அந்த வீட்டுப் பெரியவரிடம் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். பாட்டிமார் கரிச்சட்டி வைத்தது தாயும் சேயும் நலமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே. அந்த நலத்துக்காகவே அதனை இன்று வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்கிறோம்.