ஏர் பேக் ஊதினா டிரக் உயருமா?

உயரும். ஆனா எது உயருதுங்கறதுதான் விஷயம். இது ஸ்டியரிங்ல இருந்து வெடிச்சு வர்ற ஏர் பேக் இல்லை. சஸ்பென்ஷன்ல வைக்கிற ரப்பர் காற்றுப்பை. அமெரிக்காவுல ஃபோர்டு எஃப்-150 மாதிரி பிக்கப் டிரக் வச்சிருக்கறவங்க பின்பக்க அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவுல இதை மாட்டுறாங்க. கனமான ட்ரெய்லரைக் கட்டினா பின்பக்கம் தாழ்ந்து, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும் இல்லையா? காற்றை ஏத்தினா வண்டி மட்டத்துக்கு வந்துடும். இந்தப் பை உருவானதே அதுக்குத்தான். பெரும்பாலான கிட்டுகள்ல 5 முதல் 100 பிஎஸ்ஐ வரை காற்று ஏத்தலாம்.

காலி வண்டியை உசரமா காட்டணும்னு ஊதுறவங்களும் இருக்காங்க. பாடி உயரும், சரி. அச்சு இருந்த இடத்துலயேதான் இருக்கும். கல்லுல இடிக்கிற டிஃபரன்ஷியல் துளிகூட மேல வராது. அதுக்குப் பெரிய டயர்தான் வழி. ஷாக் அப்சார்பர் ஏற்கனவே நீண்டு நிக்கறதால, பள்ளம் வந்தா சக்கரம் கீழ இறங்க இடம் இருக்காது. பின்பக்கம் தவளை மாதிரி குதிக்கும், ரோட்டுப் பிடியும் குறையும். ‘சரி, கூடுதல் சரக்காவது ஏத்தலாமே’ன்னா, அதுவும் கிடையாது. கம்பெனி போட்ட மொத்த எடை வரம்பு அப்படியேதான்.

ஸ்பிரிங்கே இல்லாம முழுக்கக் காற்றுலயே நிக்கிற வண்டின்னா, ஜாக் ஸ்டாண்டு வைக்காம அடியில படுக்கவே கூடாது. ஒரு டியூப் கழண்டா போதும், சேசிஸ் சட்டுனு கீழ வந்துடும்.